ஒருவருக்கென ஓர் அறை: முதல் தனிக் கப்பல் பயணத்துக்கு எந்த நிறுவனம்?

உல்லாசக் கப்பல் விளம்பரம் எதைப் பார்த்தாலும் விலைக்குப் பக்கத்தில் ‘ஒரு நபருக்கு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். தனியாகக் கிளம்ப விரும்பும் ஒருவர் அந்தத் தொகையை நம்பி முன்பதிவுப் பக்கத்துக்குப் போகிறார். பயணிகள் எண்ணிக்கைக்கான கட்டத்தில் 2 என்று ஏற்கெனவே இருக்கிறது. அதை 1 என்று மாற்றுகிறார். தொகை பாதியாகும் என்று எதிர்பார்த்தால் ஆவதில்லை. வரியும் துறைமுகக் கட்டணமும் ஓர் ஆளுக்குக் கழிகின்றன. மற்றபடி இருவருக்குச் சொன்ன விலை பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘இருவர் தங்கும் அறையின் அடிப்படையில்’ என்றொரு வரி இருந்ததன் பொருள் அப்போதுதான் விளங்குகிறது.

துணையை இழந்தவர்கள், மணம் செய்துகொள்ளாதவர்கள், வாழ்க்கைத் துணைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள், பிள்ளைகளை எதிர்பார்த்து நாளைத் தள்ளிப் போட விரும்பாத ஓய்வுபெற்றவர்கள் எனத் தனியாகக் கப்பல் ஏற நினைப்பவர்கள் பல வகை. இவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை எல்லோருக்கும் சொல்வதுதான்: எது பெரிய கப்பல், எது நிறைய ஊர்களைத் தொடுகிறது, எதில் இப்போது தள்ளுபடி? குடும்பத்தோடு போகிறவருக்கு இந்த மூன்று கேள்விகள் போதும். முதல் முறை தனியாகப் போகிறவர் இவற்றுக்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும். இந்த நிறுவனம் தனியாக வரும் பயணிக்கென்று கப்பலுக்குள் என்ன கட்டிவைத்திருக்கிறது? பதிலில் அறையும், கூடும் இடமும், சாப்பாட்டு மேசையும் இருந்தால் அந்த நிறுவனத்தைப் பரிசீலிக்கலாம். வெறும் தள்ளுபடி மட்டும் இருந்தால் முதல் பயணத்துக்கு அது வேண்டாம். இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான். அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

இரண்டில் தொடங்கும் கணக்கு

தனிப் பயணியிடம் ஏன் இரட்டிப்பு வாங்குகிறார்கள் என்பது இந்தத் தொழிலின் கணக்கு முறையைத் தெரிந்துகொண்டால் புரியும். ஒரு கப்பல் எவ்வளவு நிரம்பியது என்பதை அறைக்கு இருவர் என்ற அடிப்படையில்தான் அளக்கிறார்கள். எல்லா அறைகளிலும் இருவர் இருந்தால் நூறு சதவீதம். பிள்ளைகள் மூன்றாவது, நான்காவது படுக்கைகளில் படுக்கும்போது அது நூறைத் தாண்டும். பெரிய நிறுவனங்கள் தங்கள் நிதியறிக்கைகளில் நூற்றைந்து, நூற்றெட்டு என்று நிரப்பு விகிதம் காட்டுவது இப்படித்தான். இந்தக் கணக்கில், அறை ஒன்றில் ஒரே ஆள் படுத்தால் அது பாதி காலியான அறை. அதோடு முடிவதில்லை. டிக்கெட் பணம் கப்பலின் வருமானத்தில் ஒரு பகுதிதான். மது, சூதாட்டக் கூடம், ஸ்பா, கரையில் சுற்றிக்காட்டும் பயணங்கள் எனக் கப்பல் ஏறிய பிறகு பயணிகள் செய்யும் செலவிலிருந்து பெரிய நிறுவனங்களுக்கு மொத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வருகிறது. இரண்டு பேர் குடிப்பதையும் வாங்குவதையும் ஒருவர் செய்ய முடியாது. ஆகவே இரண்டாவது ஆளின் டிக்கெட் பணத்தை முதல் ஆளிடமே வாங்கிவிடுகிறார்கள். தொழிலில் இதற்குப் பெயர் ‘சிங்கிள் சப்ளிமென்ட்’.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏழு இரவுப் பயணத்துக்கு ஒரு நபருக்கு 1,000 டாலர் என்று விளம்பரம் செய்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். முழு சப்ளிமென்ட் வசூலிக்கும் கப்பலில் தனிப் பயணிக்கு அது 2,000 டாலர். ஐம்பது சதவீதம் என்றால் 1,500. துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கென்று நாள்தோறும் கணக்கில் சேரும் டிப்ஸ் ஆகியவை பொதுவாக ஆள் கணக்கு என்பதால் ஒரு முறைதான் வரும். எனவே இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது விளம்பர விலையை ஒப்பிட்டுப் பயனில்லை. எண்ணிக்கையை 1 என்று மாற்றிய பிறகு கடைசிப் பக்கத்தில் வரும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். விளம்பரத்தில் மலிவாகத் தெரிந்த கப்பல் இந்த இடத்தில் விலை கூடியதாகிவிடுவது சாதாரணம். தனி மரம் தோப்பாகாது என்பது நம் பழமொழி. கப்பல் தொழில் வெகுகாலமாக அதையே தன் விலைப்பட்டியலாக வைத்திருந்தது.

கட்டிய அறையை நிரப்பியாக வேண்டும்

பெரிய கப்பல்களில் இந்த வழக்கத்தை உடைத்தது 2010இல் வெளிவந்த நார்விஜியன் எபிக். நார்விஜியன் குரூஸ் லைன் நிறுவனம் அந்தக் கப்பலில் 128 ஒற்றை அறைகளைக் கட்டி, ஆளுக்கு ஓர் அறை என்று விலை வைத்தது. அறையின் பரப்பு சுமார் நூறு சதுர அடி. நம் ஊர் அடுக்குமாடி வீட்டில் பிள்ளைகள் படுக்கும் சின்ன அறை அளவுதான். ஒரு பெரிய படுக்கை சுவரோடு சுவராகப் பொருந்தியிருக்கும். விளக்கின் நிறத்தை மனநிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வட்டமான ஜன்னல் ஒன்று உண்டு. ஆனால் அது கடலைப் பார்க்காது, நடைவழியைப் பார்க்கும். இவ்வளவு சிறிய அறைக்கு ஈடாக அந்த அறைகளுக்கு நடுவே ஒரு கூடத்தைக் கட்டினார்கள். ஒற்றை அறைக்காரர்களின் அட்டை வைத்தால் மட்டுமே அதன் கதவு திறக்கும். காபி, சிற்றுண்டி, உட்கார்ந்து பேச நாற்காலிகள். மாலையில் கப்பல் ஊழியர் ஒருவர் அங்கே வந்து, இன்று யார் யார் சேர்ந்து சாப்பிடப் போகிறீர்கள், எந்த நிகழ்ச்சிக்கு ஒன்றாகப் போகலாம் என்று கேட்டு ஏற்பாடு செய்வார்.

பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள். அதே 2010இல் பி அண்ட் ஓ நிறுவனத்தின் அஸூரா 18 ஒற்றை அறைகளோடு வந்தது. ராயல் கரீபியனின் குவான்டம் ஆஃப் த சீஸ் 2014இல் வந்தபோது அதன் ஒற்றை அறைகளில் சிலவற்றுக்குப் பால்கனியும் இருந்தது. குனார்ட் நிறுவனம் தன் புகழ்பெற்ற குயின் மேரி 2 கப்பலை 2016இல் புதுப்பித்தபோது 15 ஒற்றை அறைகளைச் சேர்த்தது. ஹாலந்து அமெரிக்காவின் கோனிங்ஸ்டாம் அதே ஆண்டில் கடல் பார்த்த 12 ஒற்றை அறைகளோடு வந்தது. பிரிட்டனின் சாகா நிறுவனம் 2019இல் இறக்கிய ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரியில் பயணிகளே 999 பேர்தான். அதில் 109 அறைகள் தனி ஆளுக்கானவை, அத்தனைக்கும் பால்கனி உண்டு. இந்த எண்களை அருகருகே வைத்தால் ஒரு நிறுவனம் தனிப் பயணியை எந்த அளவுக்குப் பொருட்படுத்துகிறது என்பது தெரியும். சுமார் 2,700 பேர் ஏறும் குயின் மேரியில் 15 அறைகள் என்பது மரியாதைக்கு ஒதுக்கிய இடம். ஆயிரம் பேர்கூட ஏறாத கப்பலில் 109 அறைகள் என்பது தனிப் பயணியை நம்பி வகுத்த திட்டம்.

அறையைக் கட்டுவதற்கு நான் ஏன் இவ்வளவு எடை கொடுக்கிறேன் என்றால், அது திரும்பப் பெற முடியாத முடிவு. தள்ளுபடி இன்று வரும், சீசன் சூடுபிடித்தால் நாளை போய்விடும். ஒற்றை அறையை அப்படி எடுத்துவிட முடியாது. கப்பல் ஓடும் முப்பது ஆண்டுகளும் அந்த அறைகளைத் தனியாக வருகிறவர்களைக் கொண்டே நிரப்பியாக வேண்டும். அதனால் அவர்கள் திரும்பி வரும்படி நடத்த வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு ஏற்படுகிறது. மாலைக் கூடுகையை நடத்த ஊழியர் வருவதும், சாப்பாட்டுக் கூடத்தில் தனி ஆளைக் கண்டு தலைமைப் பரிசாரகர் முகம் சுளிக்காமல் இருப்பதும் அந்தக் கட்டாயத்தின் விளைவுகள். நார்விஜியன் 2024இல் தன் கப்பல்கள் அனைத்திலும் தனி ஆளுக்கான அறை வகைகளை விரித்தது. பதினான்கு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் ஒரு நிறுவனம் விரிவுபடுத்துகிறது என்றால், தனிப் பயணியின் பணம் அதற்குக் கட்டுப்படியாகிறது என்று பொருள். நமக்கு வேண்டிய சான்று அதுதான்.

பந்தியில் யாரோடு உட்காருவது?

பகலில் தனிமை தெரியாது. கரையில் இறங்கி ஊர் பார்க்கலாம், மேல்தளத்தில் புத்தகம் படிக்கலாம், நீந்தலாம். இரவுச் சாப்பாட்டு வேளையில்தான் அது முகத்தில் அடிக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் தெரிந்த முகமே இல்லாமல் இலை முன் உட்காரும் நிலையை ஏழு இரவுகளுக்கு நீட்டிப் பாருங்கள். இந்த விஷயத்தில் கப்பல் நிறுவனங்கள் இரண்டு வழிகளில் நடக்கின்றன. பழைய முறையில் ஒவ்வோர் இரவும் அதே நேரம், அதே மேசை, அதே துணைகள். கேட்டால் ஆறு பேர், எட்டு பேர் உட்காரும் மேசையில் இடம் தருவார்கள். மூன்றாவது நாள் அவர்கள் உங்கள் ஊரையும் உங்கள் முட்டி வலியையும் தெரிந்துவைத்திருப்பார்கள். குனார்ட் இந்த மரபைப் பேணுகிறது. தனியாக வரும் பெண்களோடு பால்ரூம் நடனம் ஆடுவதற்கென்றே ஆண் நடனத் துணைவர்களையும் தன் கப்பல்களில் வைத்திருக்கிறது. புதிய முறையில் நேரமும் மேசையும் கிடையாது. எப்போது வேண்டுமானாலும், எங்கு வேண்டுமானாலும் சாப்பிடலாம். இதை 2000இல் தொடங்கிப் பரப்பியது நார்விஜியன்தான். சுதந்திரம் அதிகம், ஆனால் மாலைக் கூடுகை போன்ற ஏற்பாடு பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தச் சுதந்திரம் தனிப் பயணியை இருவர் மேசையில் எதிர் நாற்காலியைப் பார்த்தபடி உட்கார வைத்துவிடும். இரண்டு முறைகளில் எது நல்லது என்பது அவரவர் சுபாவம். ஒன்று மட்டும் நிச்சயம்: மேசைக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்விக்குத் தெளிவான பதில் தராத நிறுவனம் தனிப் பயணியைப் பற்றி யோசித்ததே இல்லை.

எதிர்வாதங்கள்

ஒற்றை அறை பல நேரம் விலை கூடுதலாக இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். அந்த அறைகள் குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துபோகும். கடைசி வாரங்களில், இரட்டைக் கட்டணம் கொடுத்து எடுக்கும் ஜன்னலில்லா அறையே ஒற்றை அறையைவிட மலிவாகக் கிடைப்பதும் உண்டு. அந்த நிலையில் மலிவானதையே எடுங்கள். என் வாதம் அறையைப் பற்றியதைவிட நிறுவனத்தைப் பற்றியது. தனிப் பயணிகள் நிறையப் பேர் ஏறும் கப்பலில் நீங்கள் எந்த அறையில் படுத்தாலும் மாலைக் கூடுகையும் மேசைத் துணையும் பெரும்பாலும் எட்டும் தூரத்தில் இருக்கும். அட்டை வைத்துத் திறக்கும் கூடம் மட்டும் கைவிட்டுப் போகலாம். தனிப் பயணியே ஏறாத கப்பலில் ராஜ அறையில் படுத்தாலும் கூடுகையும் மேசைத் துணையும் கிடைக்காது. நிறுவனத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அறையைப் பிறகு விலை பார்த்து முடிவு செய்யலாம்.

தனியாகப் போகிறவர் தனிமைக்காகத்தானே போகிறார், அவருக்கு எதற்குக் கூடமும் கூடுகையும் என்பது இன்னொரு வாதம். இது வலுவான வாதம், பலருக்குப் பொருந்தவும் செய்யும். அப்படிப்பட்டவர்களுக்கு நார்வேயின் ஹூர்டிக்ரூட்டன் நல்ல விடை. 1893இல் தபாலும் சரக்கும் ஏற்றத் தொடங்கிய இந்தக் கடலோரத் தடத்தில், பெர்கனிலிருந்து வடகோடியில் உள்ள கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டுப் போய்த் திரும்ப ஏறக்குறைய 12 நாள் ஆகிறது. உள்ளூர்க்காரர்கள் ஒரு நிறுத்தத்தில் ஏறி அடுத்ததில் இறங்குவார்கள். பெரிய மேடை நிகழ்ச்சியோ சூதாட்டமோ கிடையாது. எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கப்பலில் தனியாக உட்கார்ந்திருப்பவர் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. இதுவும் என் அளவுகோலுக்குள்தான் வருகிறது. கப்பல் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த நோக்கத்துக்குள் தனிப் பயணி இயல்பாகப் பொருந்துகிறார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் முறை போகிறவருக்குத் தனக்கு எவ்வளவு தனிமை தாங்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. கூடம் இருந்தால் போகாமல் இருக்கலாம். இல்லாத கூடத்துக்குப் போக முடியாது.

முதலில் பக்கத்தில் குறுகிய பயணம் போய்ப் பார்க்கலாமே என்பது நம் ஊரில் அதிகம் கேட்கும் யோசனை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போனது. சிங்கப்பூரிலிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் பல உண்டு. கடல் ஆட்டம் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா, கப்பல் சாப்பாடு எப்படி என்று பார்க்க இவை சரி. தனிப் பயணம் எப்படி என்று பார்க்க இவை சரியான சோதனை ஆகாது. இரண்டு மூன்று இரவுப் பயணங்களில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் குடும்பங்களும் நண்பர் குழுக்களும் அலுவலகக் கூட்டங்களும். அவர்கள் தங்களுக்குள் கொண்டாட வந்தவர்கள். புதிய முகத்தோடு பழக நாளும் போதாது. அங்கே ஒண்டிக்கட்டையாகச் சுற்றிவிட்டுத் திரும்பும் ஒருவர், ‘தனிப் பயணம் நமக்கு ஆகாது’ என்ற தவறான முடிவுக்கு வந்துவிடக்கூடும். குறைந்தது ஏழு இரவுகளாவது வேண்டும்.

பாதுகாப்பு பற்றிய கேள்வி, குறிப்பாகப் பெண்களுக்கு, மிக நியாயமானது. இங்கே விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. சட்டமும் பதிவேடும் இருக்கின்றன. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு கப்பல் பயணப் பாதுகாப்புச் சட்டம், அந்நாட்டுத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும் பெரிய கப்பல்களில் அறைக் கதவில் வெளியே பார்க்கும் துவாரம், 42 அங்குல உயரத்துக்குக் குறையாத கைப்பிடித் தடுப்பு, பாலியல் குற்றத்துக்கு ஆளானவருக்கு மருத்துவச் சோதனை வசதி ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. கடுமையான குற்றங்களை எஃப்.பி.ஐ.க்குத் தெரிவிக்க வேண்டும். அந்த எண்ணிக்கை நிறுவன வாரியாகப் பொதுவில் வெளியாகிறது. 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கோர்டியா இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதி 32 பேர் இறந்த பிறகு, கப்பல் கிளம்பும் முன்பே அல்லது கிளம்பிய உடனேயே ஆபத்துக்காலப் பயிற்சி நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. தனிப் பயணி அந்தப் பயிற்சியைத் தவறவிடவே கூடாது. எந்தத் தளத்தில் எங்கே கூட வேண்டும் என்பதை நினைவூட்டப் பக்கத்தில் ஆள் இல்லை. அதேபோல் டிக்கெட்டின் பின்பக்க நிபந்தனைகளையும் படியுங்கள். வழக்கு என்று வந்தால் நிறுவனம் டிக்கெட்டில் குறித்த ஊரில்தான் தொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல், கார்னிவல் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. கப்பல் மருத்துவர் கட்டணம் வாங்குவார். நடுக்கடலிலிருந்து கரைக்குத் தூக்கிச் செல்ல நேர்ந்தால் செலவு மிகப் பெரியது. காப்பீடு இல்லாமல் தனியாகக் கப்பல் ஏறாதீர்கள்.

தீர்ப்பு

முதல் தனிப் பயணம், கலகலப்பு வேண்டும், ஆங்கிலத்தில் ஓரளவு பேச முடியும் என்றால், என் முதல் பரிந்துரை நார்விஜியன் நிறுவனத்தின் ஒற்றை அறைக் கூடம் உள்ள கப்பல்கள். அறை சிறியது, ஆனால் அங்கே யாரும் அறைக்குள் கிடக்க வருவதில்லை. அமைதியும் ஒழுங்கும் பழைய பாணி உபசாரமும் பிடிக்கும் என்றால் குனார்ட். ஆனால் அந்தச் சில ஒற்றை அறைகளை ஓராண்டு முன்பே பிடிக்க வேண்டும். பிரிட்டனில் வாழ்கிற, ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர்களுக்கு, அந்த வயதினருக்கென்றே கப்பல் ஓட்டும் சாகாவை விடச் சிறந்த தொடக்கம் தெரியவில்லை. பேச்சைவிடக் காட்சி முக்கியம் என்றால் நார்வே கடலோரம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அதில் இன்னொரு வசதி: தடம் முழுக்க ஒரே நாடு, ஒரே ஷெங்கன் விசாவில் முடிந்துவிடும். கனடாவின் வான்கூவரிலிருந்து அலாஸ்கா போகும் பயணத்துக்கோ இரண்டு நாட்டு விசாக்கள் வேண்டும்.

ட்ராவல் ஏஜென்ட் எதிரில் உட்காரும்போது நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். இந்தக் கப்பலில் ஒற்றை அறைகள் எத்தனை? தனிப் பயணிகளுக்கான கூடுகையை யார், எத்தனை நாள் நடத்துகிறார்கள்? இரவுச் சாப்பாட்டுக்கு என்னை எந்த மேசையில் உட்கார வைப்பீர்கள்? எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்குக் கடைசித் தொகை என்ன? நான்குக்கும் எண்ணும் பெயருமாகப் பதில் வரும் நிறுவனத்தில் முன்பணம் கட்டுங்கள். ‘அதெல்லாம் கப்பல் ஏறியதும் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பதில் வந்தால், எவ்வளவு பெரிய கப்பலானாலும், எவ்வளவு பெரிய தள்ளுபடியானாலும், எழுந்து வந்துவிடுங்கள்.